பாயிண்ட்டுக்கு டாட்டா!

ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த இடைவெளி சரியாக இருந்தால் ஏரி நடுவே ஜிவ்வென்று பறக்கலாம். பிசகினால், துடுப்பை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதுதான்!

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்கிறீர்களா? பழைய பெட்ரோல் படகு இன்ஜின்களின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் 'காண்டாக்ட் பாயிண்ட்' சமாச்சாரம்தான். அப்பா ஓட்டிய பழைய புல்லட், சித்தப்பாவின் யெஸ்டி, கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த பெட்ரோல் அம்பாசடர்... எல்லாவற்றிலும் இருந்த அதே பாயிண்ட். "பாயிண்ட் அடிச்சிருக்கு சார், எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு விட்டா கிளம்பிடும்" என்று மெக்கானிக் சொன்னதும், எதுவும் புரியாமலே பெரியவங்க தலையாட்டுவார்களே, அந்தப் பாயிண்ட்!

நம்ம ராமேஸ்வரம், நாகப்பட்டினம் விசைப்படகுகளில் இந்தத் தொல்லை கிடையாது. அவை டீசல். காற்றை அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிற ஜாதி. தீப்பொறிக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே நம் கதை நடக்கிற இடம் வேறு. அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா என்று ஒரு மாநிலம். வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதுவும் அடக்கி வாசித்ததுதான். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 தேறுகிறதாம்!

இந்த மாதிரி ஏரிக்கரை ஊர்களில், கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் தார்பாய் போர்த்திய ஒரு படகும் நிற்பது சகஜம். அதில் பல 1970-களில் வாங்கியவை. ஐம்பது வருஷ காரை ஓட்டினால் 'வின்டேஜ்' என்று கை தட்டுவார்கள். ஐம்பது வருஷ படகை யாரும் கண்டுகொள்வதில்லை. காரணம் சிம்பிள். ஃபைபர் கிளாஸ் உடம்பு துருப்பிடிக்காது. வருஷத்தில் நாலைந்து மாசம்தான் தண்ணீரில் இறங்கும். மீதி நாள் ஏரியே பனிக்கட்டி. அதனால் தாத்தா வாங்கிய படகைப் பேரன் ஓட்டுகிறான். இன்ஜினும் தாத்தா காலத்து இன்ஜின். அதற்குள் இருக்கிற பாயிண்ட்டும் தாத்தா காலத்து டெக்னாலஜி.

காருக்குப் பொறந்து படகுக்கு வாக்கப்பட்டது

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். 'மெர்க்ரூஸர் 140'. பெயரைக் கேட்டால் ஏதோ ராக்கெட் மாதிரி இருக்கிறதா? உள்ளே இருப்பது ஒரு சாது. 1962 மாடலாக வந்த செவ்ரோலேவின் 'செவி டூ' என்ற குட்டி காரில் 153 கன அங்குலத்தில் ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அதன் தம்பி கொஞ்சம் சதை போட்டு 181 கன அங்குலமாக, அதாவது சுமார் 3 லிட்டராக வளர்ந்தான். அவனைப் படகுக்குள் தூக்கி வைத்தார்கள். தீப்பொறி வரிசை 1-3-4-2. நாலு சிலிண்டர், நாலு ப்ளக், நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். ஆட்டோமொபைல் லேபில் கட் செக்‌ஷன் வைத்து விளக்குவார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இன்ஜின் படகுக்கு உள்ளே, புரொப்பெல்லர் வெளியே, நடுவில் 'ஸ்டெர்ன் டிரைவ்' என்ற கியர் சமாச்சாரம். 1959-ல் வால்வோ பென்டா 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்திய பிறகுதான் கார் இன்ஜின்கள் சாதாரண குடும்பப் படகுகளுக்குள் இப்படிக் கூட்டம் கூட்டமாகப் புகுந்தன. இன்ஜின் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்ற விஷயத்தை மட்டும் மனசின் ஒரு ஓரத்தில் போட்டு வையுங்கள். பின்னால் வில்லனே அதுதான்.

கல்லாப்பெட்டிக்காரர் கொடுத்த தீப்பொறி

பாயிண்ட் சிஸ்டத்தின் அப்பா, சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர். அண்ணன் முதலில் வேலை பார்த்தது கார் கம்பெனியில் இல்லை. 'நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்' என்ற கல்லாப்பெட்டிக் கம்பெனியில்! கையால் சுழற்றிக்கொண்டிருந்த கல்லாப்பெட்டிக்கு மின் மோட்டார் வைத்தவர் அவர்தான். பிறகு 1909-ல் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 'டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி'. சுருக்கமாக, டெல்கோ. ஆரம்பத்தில் வேலை நடந்த இடம் டீட்ஸ் வீட்டுக் களஞ்சியக் கொட்டகை. வீட்டு ஷெட்டிலிருந்து கம்பெனி ஆரம்பிப்பது கம்ப்யூட்டர் பசங்க கண்டுபிடித்த ஐடியா என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

கெட்டரிங்கின் இக்னிஷன் 1910 மாடல் காடிலாக் கார்களில் ஏறியது. டெல்கோ பிறகு ஜெனரல் மோட்டார்ஸோடு ஐக்கியமானது. அந்தப் பெயர் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையே 'டெல்கோ' என்றுதான் சொல்கிறார்கள். நாம் போட்டோகாப்பியை 'ஜெராக்ஸ்' என்கிற மாதிரி.

அப்படி என்ன செய்தார்? ரொம்ப எளிமையான வேலை. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். ப்ளக்கின் முனையில், அமுக்கப்பட்ட காற்றும் பெட்ரோலும் கலந்த கலவைக்குள் பொறி தாவ வேண்டுமானால் பத்தாயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். நடுவில் ஒரு காயிலை வைக்கிறோம். அதில் தடித்த கம்பி ஒரு சுற்று, மெல்லிய கம்பி இன்னொரு சுற்று. முதல் சுற்றில் கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகி நிற்கும். அந்தக் கரண்ட்டைப் பட்டென்று துண்டித்தால்? காந்தப்புலம் பொத்தென்று விழும். விழுகிற வேகத்தில் முதல் சுற்றிலேயே சில நூறு வோல்ட் எகிறும். இரண்டாவது சுற்றில் அதைப்போல நூறு மடங்கு! பிளஸ் டூ பிசிக்ஸில் 'மின்காந்தத் தூண்டல்' என்று அஞ்சு மார்க்குக்கு எழுதினோமே, அது இங்கே வயிற்றுப் பிழைப்புக்கு வேலை செய்கிறது.

துண்டிக்கிற வேலையைச் செய்வதுதான் பாயிண்ட். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் நாலு முனை கொண்ட ஒரு கேம் சுற்றும். ஒவ்வொரு முனையும் பாயிண்ட்டின் கையைத் தட்டித் திறக்கும். திறக்கிற அந்த நொடியில் ப்ளக்கில் பொறி. பக்கத்திலேயே கண்டென்சர் என்று ஒரு குட்டி டப்பா. பாயிண்ட் திறக்கும்போது ஓட்டத்தை நிறுத்த மனசில்லாத கரண்ட், இடைவெளியில் பொறியாகத் தாவப் பார்க்கும். அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டு பொட்டுகளைக் காப்பாற்றுவது இவன். கண்டென்சர் செத்தால் ப்ளக்கில் வர வேண்டிய பொறி பாயிண்ட்டிலேயே வந்து, இரண்டும் கருகிப்போகும்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாமா? நாலு ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர். ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. இன்ஜின் 4,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிஷத்துக்கு 8,000 பொறி. நொடிக்கு 133! ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 7.5 மில்லி செகண்ட். அதற்குள் பாயிண்ட் மூட வேண்டும், காயிலில் கரண்ட் ஏற வேண்டும், மறுபடி திறக்க வேண்டும். மின்தடை 3 ஓம் என்றால் 12-ஐ மூன்றால் வகுத்து 4 ஆம்பியர். காயில் ஒரு இண்டக்டர் ஆச்சே, அந்த நாலு ஆம்பியரும் உடனே வந்துவிடாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்துக்கு 'டுவெல்' என்று பெயர். டுவெல் குறைந்தால் பொறி சோப்ளாங்கி ஆகிவிடும். எட்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் இருக்கும் அவகாசம் இதில் பாதிதான். பாவம் அந்தப் பாயிண்ட்!

தேயத் தேய லேட்

இப்படி நிமிஷத்துக்கு எட்டாயிரம் தடவை தட்டு வாங்கினால் யாருக்குத்தான் தேயாது? பாயிண்ட்டின் கையில், கேமின் மேல் உரசுகிற இடத்தில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அது தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும். குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். தாமதமாகத் திறந்தால் பொறி தாமதம். அதாவது நாம் எதையுமே தொடாமல் டைமிங் தானாகப் பின்னால் நழுவிக்கொண்டே போகும். ஃபர்ஸ்ட் ஹவருக்கு வர வேண்டியவன் தினமும் ஒரு நிமிஷம் லேட்டாக வந்து, செமஸ்டர் முடிவில் செகண்ட் ஹவருக்கு வந்து நிற்கிற மாதிரி.

கார் என்றால் தினமும் ஓடும், தகராறு செய்தால் ஓரம் கட்டலாம். படகின் நிலைமையே தனி. ஆறேழு மாசம் சும்மா நிற்கும். ஈரம் கலந்த காற்றில் பொட்டுகளின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் படியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, 12 வோல்ட்டுக்குத் தெரியுமே! வசந்த காலத்தில் ஏரி உருகியதும் ஆசை ஆசையாகச் சாவியைத் திருகினால், இன்ஜின் 'கொர்ர்... கொர்ர்...' என்று சுற்றும், பற்றாது. இல்லையென்றால் கரையில் நன்றாகப் பற்றி, சுமை ஏறினதும் நடு ஏரியில் இருமும். ஏரியில் ஓரம் கட்ட ஓரம் ஏது? காற்று எந்தப் பக்கமோ படகும் அந்தப் பக்கம்.

கார்க்காரர்கள் இந்தத் தலைவலியை எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள். கிரைஸ்லர் 1973-ல் தன் கார்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-ல் 'ஹை எனர்ஜி இக்னிஷன்', சுருக்கமாக 'ஹெச்.இ.ஐ.' என்று இறக்கியது. பழைய படகுகள் மட்டும் பாயிண்ட்டோடு தங்கிவிட்டன. அவற்றுக்காகத்தான் 'கன்வெர்ஷன் கிட்' என்று ஒன்று விற்கிறார்கள். பெர்ட்ரானிக்ஸ் கம்பெனியின் 'இக்னைட்டர்' இதில் பேர் பெற்றது. விலை நூறு டாலர் சொச்சம். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

வாத்தியார் புத்தகத்தை நம்பாத மாணவன்

அந்தக் கிட்டுக்குள் இருப்பது என்ன தெரியுமா? ஒரு ஸ்டூடண்ட்டின் ப்ராஜெக்ட்!

1879. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற 23 வயசுப் பையன், ஹென்ரி ரோலண்ட் என்ற பேராசிரியரிடம் பிஹெச்.டி. செய்துகொண்டிருந்தான். மாக்ஸ்வெல்லின் புகழ்பெற்ற மின்காந்தவியல் புத்தகத்தைப் படிக்கும்போது ஓரிடத்தில் மனசு நெருடியது. காந்தத்துக்கு நடுவே கரண்ட் ஓடும் கம்பியை வைத்தால், விசை கம்பியின் மீதுதான் செயல்படுகிறது, கரண்ட்டின் மீது அல்ல என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்தார். 'அது எப்படி?' என்று கேட்டான் பையன். மாக்ஸ்வெல் சொன்னதையே கேள்வி கேட்பதா என்று ரோலண்ட் அதட்டவில்லை. செய்து பார் என்று விட்டார்.

கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தங்க இலையை ஒட்டி, கரண்ட் ஓடவிட்டு, காந்தத்துக்கு நடுவே வைத்தான். இலையின் இரண்டு பக்கவாட்டு ஓரங்களுக்கு நடுவே துளியூண்டு வோல்டேஜ் தலைகாட்டியது! ஓடுகிற கரண்ட்டையே காந்தம் ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதை ஜே.ஜே.தாம்சன் 1897-ல்தான் காட்டினார். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்னாடியே இது நடந்துவிட்டது. வைவாவில் எக்ஸ்டர்னல் முறைக்கும்போது ஹாலை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். (மார்க்குக்கு நாங்கள் கேரண்டி இல்லை!)

கிட்டில் இருப்பது இரண்டே உருப்படி. சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த ஒரு வளையம், அது கேமின் மேல் உட்காரும். பாயிண்ட் இருந்த இடத்தில் ஹால் சென்சாரும் டிரான்சிஸ்டரும் அடங்கிய ஒரு மாட்யூல். காந்தம் சென்சாரைக் கடக்கும்போது டிரான்சிஸ்டர் காயிலின் கரண்ட்டைத் துண்டிக்கும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, கருகல் இல்லை. கண்டென்சருக்கும் ஓய்வு.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்க

வேலை ஒரு மணி நேரம். பொறுமைசாலியாக இருந்தால் இரண்டு.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றணும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் பின்னால் புலம்புவார்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கலாம். ப்ளக் வயர்களைப் பிடுங்க வேண்டாம். மூடியோடு அப்படியே ஒதுக்கி வைத்தால் போதும். பிடுங்கிப்போட்டுவிட்டு 1-3-4-2 எங்கே எங்கே என்று முழிக்க வேண்டி வராது. செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. ரோட்டரை உருவி, பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றி, தட்டைச் சுத்தமாகத் துடைத்து, மாட்யூலை அதே திருகுத் துளையில் பொருத்தணும். காந்த வளையத்தை அழுத்தி உட்காரவைத்து, ரோட்டரைத் திரும்பப் போட வேண்டும். மாட்யூலுக்கும் வளையத்துக்கும் நடுவே கிட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். இதற்கப்புறம் அது மாறாது.

இரண்டு வயர் வெளியே வரும். சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு காயிலின் மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நிமிஷமே சிவலோக பதவி. பாயிண்ட் என்றால் மாற்றிக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டிருக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இந்த சிவப்பு வயரில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பாயிண்ட் சீக்கிரம் கருகக்கூடாது என்பதற்காக, அந்தக் காலத்தில் காயிலுக்கு வரும் வயரையே மின்தடை உள்ள வயராகப் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட் ஆன பிறகு காயிலுக்குப் போய்ச் சேருவது முழு 12 வோல்ட் இல்லை, அதைவிடக் குறைச்சல். பார்த்தால் சாதாரண வயர் மாதிரியே இருக்கும். சிவப்பு வயரைக் காயிலின் பிளஸ்ஸிலேயே மாட்டினால் மாட்யூல் அரைப் பட்டினியில் வேலை செய்து, இன்ஜின் சூடானதும் மக்கர் பண்ணும். அந்தத் தடைக்கு முன்னால், முழு வோல்ட் கிடைக்கிற இடத்தில் மாட்டணும். ஈ.இ.இ. நண்பன் யாராவது இருந்தால் மல்டிமீட்டரோடு கூப்பிடுங்க. காயிலின் மின்தடையையும் அவனையே அளக்கச் சொல்லுங்க. அது கிட்டின் தாளில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருந்தால் கரண்ட் கூடி மாட்யூல் வெந்துவிடும்.

கடைசியாக டைமிங். பொறி விழும் நேரம் இப்போது மாறியிருக்கும். டைமிங் லைட்டை ஒன்றாம் நம்பர் ப்ளக் வயரில் மாட்டி, ஓடும் இன்ஜினின் முன்சக்கரத்தில் அடித்தால், சுற்றுகிற குறியீடு நின்ற மாதிரி தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி, புத்தகத்தில் உள்ள டிகிரிக்குக் கொண்டுவந்து முடுக்கணும். இதைச் செய்யாமல் 'கிட் சரியில்லை' என்பவர்களை என்ன செய்வது?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இன்ஜின் ஓடாமல் சாவியை 'ஆன்' நிலையில் விட்டு வைக்கக்கூடாது. ஆரம்ப மாடல் மாட்யூல்களில் காயில் வழியே கரண்ட் நிற்காமல் ஓடி, சூடேறிக் காலியாகிவிடும். ஏரி நடுவே இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் ஆனில் வைத்துப் பாட்டு கேட்கிற பழக்கம் இருந்தால், அதை மாற்றிக்கொள்வதே நல்லது.

டீ கிளாஸ் வெடிகுண்டு

இப்போது மனசின் ஓரத்தில் போட்டு வைத்ததை எடுங்க. இன்ஜின் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது.

காரில் பெட்ரோல் கசிந்தால் தரையில் சொட்டும், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகின் அடியில் ஓட்டையா இருக்கும்? கசிந்த பெட்ரோல் 'பில்ஜ்' எனப்படும் அடிவயிற்றில் தங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம், மேலே எழும்பாது. குளத்துத் தண்ணீர் மாதிரி அங்கேயே கிடக்கும். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு கனமீட்டர் இன்ஜின் அறை என்று வைத்துக்கொண்டால் வெறும் 14 லிட்டர் ஆவி. திரவமாகக் கணக்குப் போட்டால் சுமார் 80 மில்லி. கேன்டீன் டீ கிளாஸ்கூட முழுசாக நிறையாது!

அந்த அறைக்குள்தான் நாம் நொடிக்கு 133 தீப்பொறி விட்டுக்கொண்டிருக்கிறோம்.

"பாயிண்ட் போயிடுச்சே, இனி பொறி ஏது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் ரோட்டரின் நுனியிலிருந்து மூடியின் முனைகளுக்குப் பொறி தாவுவது எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலும் நிற்காது. ஆகவே படகு டிஸ்ட்ரிபியூட்டர் 'இக்னிஷன் புரொடெக்டட்' ஆக இருக்கணும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சட்டம். எஸ்.ஏ.இ. என்ற இன்ஜினீயர்கள் சங்கம் ஜே1171 என்ற எண்ணில் இதற்கு ஒரு தரமே வகுத்திருக்கிறது. சோதனையின் சாராம்சம் இதுதான். கருவியின் உள்ளேயும் வெளியேயும் வெடிக்கும் வாயுவை நிரப்பி, உள்ளே பற்றவைப்பார்கள். உள்ளே வெடித்தாலும் வெளியே இருப்பது பற்றக்கூடாது!

எப்படிச் சாத்தியம்? 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செய்த விளக்கை நினைத்துப் பாருங்க. தீயைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. தீ வலையைத் தாண்டும்போது சூட்டை இழந்து அணைந்துவிடும். படகு டிஸ்ட்ரிபியூட்டரின் காற்றுத் துளைகளில் இருப்பதும் அதே வலை ஐடியாதான். இருநூறு வருஷ கண்டுபிடிப்பு, நூறு டாலர் கிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது.

இங்கேதான் சில 'புத்திசாலிகள்' விபரீதம் செய்கிறார்கள். இன்ஜின் செவ்ரோலேதானே, பழைய கார் ஹெச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டர் அச்சு அசலாகப் பொருந்துமே, விலையும் சல்லிசு என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். பொருந்தும். ஓடும். பொறியும் பிரமாதமாக வரும். ஆனால் காருக்குச் செய்த மூடியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. என்றைக்காவது ஒரு ரப்பர் குழாய் விரிசல் விடுகிற வரைக்கும் எல்லாம் சுகமே. டிஸ்ட்ரிபியூட்டர் மட்டுமல்ல, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற கார் ஐட்டத்துக்கும் மரைன் ஐட்டத்துக்கும் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று சலித்துக்கொள்பவர்கள், அந்த வலைக்கும் சீலுக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். பழைய மரைன் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாயிண்ட்டை மட்டும் மாற்றுகிற கிட் படகுக்காரர்களுக்குப் பிடித்துப்போனதன் நிஜக் காரணமும் இதுதான்.

இன்ஜின் அறையின் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ள 'ப்ளோயர்' என்று ஒரு மின்விசிறி உண்டு. 1980-க்குப் பிறகு கட்டிய பெட்ரோல் படகுகளில் அது கட்டாயம். ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது நாலு நிமிஷம் ஓட்டச் சொல்லி ஸ்விட்ச் பக்கத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நாலு நிமிஷம் ஓட்டிவிட்டு, மூடியைத் தூக்கி மூக்கையும் ஒருமுறை நீட்டிப் பார்க்கணும். மூக்கைவிட நல்ல சென்சார் அந்தப் படகில் வேறு இல்லை.

சரி, மாத்தலாமா வேணாமா?

இதில் படகுக்காரர்கள் இரண்டு கட்சி. 'பவர் கூடும், மைலேஜ் எகிறும்' என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்புவது ஒரு கட்சி. காயில் பழசு, ரோட்டர் பழசு, டைமிங்கை முன்னே தள்ளுகிற எடைகளும் ஸ்பிரிங்குகளும் பழசு. மாறியது ஒரே ஒரு ஸ்விட்ச். புதுப் பாயிண்ட் போட்டு இடைவெளியைக் கச்சிதமாக வைத்த இன்ஜினுக்கும் இதற்கும் ஓட்டத்தில் பெரிசாக வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் ஆறு மாசம் கழித்துத் தெரியும். பாயிண்ட் தேய்ந்து நழுவியிருக்கும், இது வைத்த இடத்திலேயே நிற்கும். காசு கொடுப்பது அதற்குத்தான்.

எதிர்க்கட்சி வாதமும் லேசுப்பட்டதில்லை. பாயிண்ட் சொல்லிவிட்டுச் சாகும். முதலில் இருமும், திணறும், நாள் கணக்கில் ஜாடை காட்டும். நின்றே போனாலும் நகத்தைத் தேய்க்கிற ஃபைலால் நாலு இழுப்பு இழுத்தால் கரை சேர்த்துவிடும். மாட்யூல் அப்படியில்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த நொடி மௌனம். நடு ஏரியில் அதைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது, பார்த்தாலும் பிசின் கட்டிதான் தெரியும்.

எங்கள் ஓட்டு கிட்டுக்கே. வாராவாரம் இன்ஜினைக் குடைகிற ஆசாமிக்குப் பாயிண்ட் போதும். சீசனுக்கு நாலு தடவை குழந்தை குட்டிகளோடு தண்ணீரில் இறங்குகிறவருக்கு அது ஒத்து வராது. அனுபவஸ்தர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் குப்பையில் போடுவதில்லை. இடைவெளி வைக்கிற ஃபீலர் கேஜ், ஒரு குட்டை ஸ்க்ரூ டிரைவர், இவற்றோடு சேர்த்து ஈரம் புகாத டப்பாவில் போட்டு, லைஃப் ஜாக்கெட் இருக்கிற அதே பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். மாட்யூல் மண்டையைப் போட்டால், பழைய பாயிண்ட்டைத் திரும்ப மாட்ட இருபது நிமிஷம் போதும்.